இடப்பக்கத்துப் பின்கதவு

ஜவாஹிர் நானா துணி விற்றார் என்பது பாதி உண்மை. மற்றப் பாதி, அவர் வாயை விற்றார். துணி அதோடு சேர்ந்து போனது.

திகனைக் கடைத்தெருவில் அவருக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. ஆனால் கடையில் குந்தியிருக்க அவருடைய கால்கள் சம்மதிக்கவில்லை. மற்ற வியாபாரிகள் மூட்டையைத் தலையில் வைத்துத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், அவர் ஒரு பழைய காரை வாங்கினார். பின் ஆசனத்தைக் கழற்றி வீட்டு விறாந்தையில் போட்டார். அந்த இடத்தில் சீலையும் பூப்போட்ட சீத்தையும் சாரமுமாக அடுக்கிக்கொண்டு மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஓட்டிப் போனார். கழற்றிய ஆசனம் அவருடைய மனைவி றலியாவுக்கு வாய்த்தது. பின்னேரங்களில் அதில் சாய்ந்துகொண்டு வெற்றிலை போடுவது அந்தத் தெருவில் அவளுக்கு மட்டும் கிடைத்த சுகம்.

கன்வஸ் கூரை போட்ட கார் அது. கதவுகள் மூன்றுதான். சாரதி உட்காரும் பக்கத்தில் கதவு மாதிரி ஒரு கோட்டைத் தகட்டில் அழுத்தி வைத்திருந்தார்கள், அது திறக்காது.

“மூணு கதவு மெய், ஒண்டு பொய்,” என்று நானா எல்லோருக்கும் காட்டுவார். “நாலும் மெய்யா ஈந்தா என்ட யாவாரத்துக்கு ஒத்துவராது.”

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் கார் நின்றதும் பெண்கள் சூழ்ந்துகொள்வார்கள். நானா கையில் துணியைக் கெஜம் கெஜமாக அளக்கும் யார்க்கோலை எடுத்துச் சுழற்றுவார். இரண்டு முனையிலும் பித்தளைக் குப்பி மாட்டிய பளபளப்பான கோல். அவர் அளக்கும் வேகத்தில் துணி ஓடுவது தெரியும், கோல் ஓடுவது தெரியாது. வாய் மட்டும் நிற்காது. இந்தச் சீத்தையைக் கொழும்பில் துரைமார் வீட்டுப் பெண்கள் போட்டி போட்டு வாங்குகிறார்கள், இந்தப் பச்சை கண்டி வாவியில் சாயம் தோய்த்தது என்று எதையாவது அவிழ்த்து விடுவார். ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆனால் கேட்பதற்கென்றே வந்து நிற்பார்கள். வந்து நின்றவர்கள் வாங்காமல் போவதில்லை.

ஒரேயொரு முறைப்பாடு இருந்தது. அவரிடம் வாங்கிய துணியில் ரவிக்கை தைத்தால் கை கொஞ்சம் கட்டையாகிவிடுகிறது.

“என்னட்டக் கேட்டு என்ன? தைக்கிறவன்ட வீட்ட போய், அவன்ட பொஞ்சாதி போட்டீக்கிறது கட்டக் கையா நீட்டுக் கையாண்டு பாத்துட்டு வாங்க,” என்பார் நானா.

மடுல்கெல்லையில் இரண்டு தையற்காரர்களின் பெயர் அப்படித்தான் கெட்டுப்போனது.

கதவு போனது ஒரு மழைக்காலக் காலையில். தோட்டத்து ஏற்றத்தில் ஒரு வளைவு. பின்னால் அடுக்கியிருந்த பெரிய மூட்டை சரிந்து இடப்பக்கத்துப் பின்கதவில் முட்டியது. அந்தக் கதவின் பூட்டு ஏற்கெனவே களைத்துப் போய்க் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கயிறு அறுந்தது, கதவு வாயைப் பிளந்தது, பிளந்த வாயில் தெருவோரத்து மைல்கல் மாட்டியது. காரை நிறுத்தி நானா திரும்பிப் பார்த்தபோது, மூட்டை ஒரு பக்கமும் கதவு ஒரு பக்கமுமாகக் கொழுந்து மலைச் சரிவில் உருண்டுகொண்டிருந்தன. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். எல்லோரும் மூட்டைக்குப் பின்னால்தான் ஓடினார்கள். கதவுக்குப் பின்னால் ஓட ஒருத்தியும் இல்லை. அது கீழே ஓடைப் பாறையில் மோதி, அப்பம் மடிப்பது போல் மடிந்து கிடந்தது.

நானா அசரவில்லை. மூட்டையிலிருந்து ஒரு சிவப்புச் சீலையை உருவி, கதவு இருந்த வாசலுக்குக் குறுக்கே இழுத்துக் கட்டினார். அடுத்த லயத்தில் போய் நின்றதும், சிவமணி என்ற பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். தோட்டத்தில் அவள் வாய்க்குக் கங்காணியே ஒதுங்கி நிற்பார்.

“நானா, அந்தச் சீலய எடுங்க பாப்போம்.”

“எது?”

“அந்தா, கட்டியிருக்கீங்களே, செவப்பு.”

“அது சீலயில்ல புள்ள. அது கதவு.”

“கதவா இருந்தா என்னா, சன்னலா இருந்தா என்னா. வெலய சொல்லுங்க.”

நானா தயங்கினார். அந்தச் சிவப்பு மூட்டைக்குள் மூன்று மாதமாகக் கிடந்தது. விரித்துக் காட்டியபோதெல்லாம் இதே சிவமணிதான் உதட்டைப் பிதுக்கியவள். இப்போது காற்றில் அது படபடப்பதைப் பார்த்ததும் அவளுக்கு மனம் போய்விட்டது. சீலை விற்றது. அந்த இடத்தில் ஒரு நீலத்தைக் கட்டினார். அடுத்த லயத்தில் நீலம் விற்றது. அன்று முழுக்க அவர் கதவுகளையே விற்றார். விற்காமல் கிடந்த சரக்கையெல்லாம் ஒவ்வொன்றாகக் கதவாக்கினார். மூட்டைக்குள் கிடந்தால் சீந்தாதவர்கள், கதவில் தொங்கினால் பறித்துக்கொண்டு போனார்கள்.

“கதவு போனது அல்லா தந்த பரக்கத்து,” என்று வீட்டில் வந்து சொன்னார்.

“பரக்கத்தெல்லாம் இருக்கட்டும்,” என்றாள் றலியா. “என்ட தங்கச்சிட கலியாணத்துக்கு அக்குறணைக்குப் போகணும். கதவில்லாத கார்ல, சீலயப் புடிச்சிட்டு, ஊரெல்லாம் பாக்கப் போக எனக்கு ஏலா. கதவப் போடுங்க. இல்லாட்டி நீங்க மட்டும் போய், பொண்டாட்டி எங்கேண்டு கேக்கிறவங்களுக்கெல்லாம் பதில் செல்லிட்டு வாங்க.”

நானா தலையாட்டினார். தலையாட்டுவது அவருக்குச் சுலபம். கதவு வாங்கும் வேலையை ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் பொலிஸ் வந்துதான் அதை முடித்துவைத்தது.

சரக்கு எடுக்கக் கண்டிக்குப் போன ஒரு நாள், தென்னக்கும்புரப் பாலத்தடியில் ஒரு சார்ஜன்ட் காரை மறித்தார். மஞ்சள் சீலை படபடத்துக்கொண்டிருந்த வாசலைப் பார்த்தார்.

“தொர கோ?” என்று கேட்டார்.

சிங்களத்தில் அதற்குக் கதவு எங்கே என்று பொருள். தோட்டத்துத் தமிழிலோ தொரை என்றால் வெள்ளைக்காரத் துரை. நானாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அன்று பார்த்து நாக்கு சும்மா இருக்கவில்லை.

“தொரை பங்களாவுல ஈக்கிறார், றாளஹாமி,” என்றார் பணிவாக.

சார்ஜன்ட் வாசலைக் கையால் தட்டிக் காட்டி மறுபடியும் கேட்டார். “தொர கோ?”

“சாப்பிட்டுட்டுத் தூங்கியிருப்பார், றாளஹாமி.”

சார்ஜன்ட்டின் மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு வந்தது. ஆனால் மீசையைத் தாண்டி மேலே ஏறவில்லை. கதவில்லாமல் இந்தக் காரை இனித் தெருவில் கண்டால் காரையும் உன்னையும் சேர்த்து நிறுத்திவைப்பேன் என்று நல்ல தமிழில் சொல்லிவிட்டுப் போனார். அவருக்குத் தமிழ் தெரியும் என்பது நானாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. கார் வீட்டுக்குத் திரும்பி, முற்றத்தில் நின்றுவிட்டது.

கண்டியில் மஹியாவைப் பக்கம் கணபதி என்பவருக்கு ஒரு வளவு இருந்தது. பழைய கார்களை வாங்கி உடைத்து உறுப்பு உறுப்பாக விற்பது அவர் தொழில். மட்காட் ஒரு குவியல், கதவு ஒரு வரிசை, விளக்குகள் கண் பிதுங்கினாற்போல் ஒரு மூலையில். நானா பஸ்ஸேறி அங்கே போனார்.

“ஒங்க வண்டி ஜாதியில ரெண்டு கதவு இருக்கு, நானா,” என்றார் கணபதி. “ரெண்டும் எடது பக்கத்துப் பின்கதவுதான். ஆனா ஒண்ணு பழைய வண்டியோடது, ஒண்ணு பின்னால வந்த வண்டியோடது. கம்பனிக்காரன் நடுவுல ஒடம்ப அகலமாக்கிட்டான். பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். மாட்டுறப்பத்தான் மானத்த வாங்கும். வண்டியக் கொண்டாங்க, வச்சுப் பாத்துருவோம்.”

“வண்டி வர ஏலாதே தம்பி. கதவிருந்தாத்தான் வண்டி வரும்.”

“அப்ப வாசல அளந்துட்டு வாங்க. அகலம், கதவத் திருப்புற பெணச்சல் ரெண்டுக்கும் எடைல உள்ள தூரம். ஒண்ணு சொல்லிப்புட்டேன், வளவு கேட்டத் தாண்டினா கதவு ஒங்களுது. பொருந்தலன்னு திருப்பிக் கொண்டாந்தா எடுக்கமாட்டேன்.”

நானா வீட்டுக்கு வந்து யார்க்கோலை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். விறாந்தையில் ஆசனத்தில் சாய்ந்திருந்த றலியா வெற்றிலையை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கோல வெச்சிட்டு ஒரு துணிய எடுங்க,” என்றாள். “வாசல்ல விரிச்சு, அச்சு மாதிரி வெட்டிக் கொண்டு போங்க. வளைவும் வரும், பிணைச்சல் எடமும் வரும்.”

“நல்ல துணிய வீணாக்கவா? நான் பொறந்ததுலருந்து அளக்கிறவன், றலியா.”

“அதனாலதான் செல்றேன்,” என்றாள் அவள். எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள்.

நானா அளந்தார். அகலம் இருபத்தேழரை அங்குலம். பிணைச்சல்களுக்கு இடையே பதினாறரை. மறுநாள் கணபதியின் வளவில், கணபதி தன் உருக்கு நாடாவை இழுத்துக் கதவுகளை அளந்து காட்டினார். சின்னக் கதவு இருபத்தாறு, பிணைச்சல் பதினைந்து. பெரிய கதவு சரியாக இருபத்தேழரை, பிணைச்சல் பதினாறு.

“பெரிசுதான் என்ட கதவு,” என்றார் நானா.

கணபதி தலையைச் சொறிந்தார். “நானா, ஒங்க வண்டி பழசுன்னுதானே சொன்னீங்க. பழசுக்குச் சின்னதுதான் வரணும். பெணச்சலும் அர அங்குலம் ஒதைக்குது பாருங்க. இன்னொருக்கா அளந்துட்டு வாங்களேன்.”

“அர அங்குலம் சுத்தியலுக்குச் சரி. நான் அளந்தா அளந்ததுதான்.”

கதவை வாங்கும் வித்தை நானாவுக்குத் தெரியாமலில்லை. விரல் முட்டியால் தகட்டை ஓரிடம் விடாமல் தட்டினார். கணீரென்ற இடம் தகடு, மொத்தென்ற இடம் பூசி மறைத்த ஓட்டை. உள்ளே இருந்த மரச்சட்டத்தில் நகத்தால் கீறி உளுத்திருக்கிறதா என்று பார்த்தார். அடி விளிம்பைத் தடவித் துரு உதிர்கிறதா என்று பார்த்தார். எல்லாம் பார்த்தார். தன் காருக்குப் பொருந்துமா என்பது ஒன்றுதான் பாக்கி; அதைக் கோல் சொல்லிவிட்டது என்று விட்டுவிட்டார்.

பஸ்ஸில் கதவை ஆசனங்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். தெல்தெனியவுக்குப் போகும் ஒருவர் அந்தக் கதவைத் தட்டி, “உள்ள வரலாமா, முதலாளி?” என்று கேட்டார். நானா கைப்பிடியைத் திருப்பி, “செருப்பக் கழட்டிட்டு வாங்க,” என்றார். அதன்பிறகு குண்டசாலை தாண்டும் வரை ஏறியவர்களும் இறங்கியவர்களும் தட்டிக்கொண்டே இருந்தார்கள். நானாவும் சளைக்காமல் பதில் சொன்னார். வீடு வந்து சேர்ந்தபோது அவர் நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

கதவு வாசலில் நிற்க மறுத்தது.

சாய்த்துப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், தோளால் முட்டிப் பார்த்தார். அது அகலத்தில் தடித்து நின்றது. சுத்தியலுக்குச் சரி என்று சொன்ன பிணைச்சல், சுத்தியலைப் பார்த்ததும் இன்னும் தள்ளிப் போனது போலிருந்தது. நானாவுக்குச் சந்தேகம் வந்தது. கோலை எடுத்துக் கதவையே அளந்தார். இருபத்தொன்பது அங்குலம்!

“பாத்தியா, றலியா! அங்க இருபத்தேழரை காட்டினான், இங்க வந்தா இருபத்தொன்பது. அவன்ட நாடா பொய். இழுத்து நீட்டி வெச்சீக்கிறான் கள்ளப் பயல்!”

“கதவு பஸ்ஸுல வளந்திருக்கும்,” என்றாள் றலியா.

அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு துணி இருந்தது. நானா ஒரு பெரிய கங்காணி மகளின் கலியாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த ஜப்பான் பட்டு. அவர் வாய் திறப்பதற்குள் அதைக் காரின் வாசலில் இழுத்துப் பிடித்து, விளிம்போடு கத்தரிக்கோலை ஓட்டிவிட்டாள். மட்காட் வளையும் இடத்தில் பட்டும் வளைந்தது. பிணைச்சல் இரண்டும் வரும் இடங்களில், பூட்டு நாக்கு போய் விழும் இடத்தில், மூன்று பொத்தல் போட்டாள்.

“யா அல்லா! பட்டு!” என்றார் நானா.

“துணிய எடுங்கண்டு நான் செல்லக்குள்ள மலிவான மாக்கீன் துணி போதுமா இருந்திச்சு,” என்றாள் றலியா. “இப்ப இதக் கொண்டு போங்க. கோலயும் கொண்டு போங்க.”

கோலைக் கொண்டுபோகச் சொன்னபோது அவள் முகத்தில் ஏதோ இருந்தது. நானா கோபத்தில் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் கணபதியின் வளவில் கதவு இறங்குவதற்கு முன்னாலேயே நானாவின் குரல் இறங்கிவிட்டது. பிரேக் பார்க்க வந்து நின்ற ஒரு பஸ் சாரதி, பீடியை அணைத்துவிட்டு வசதியான இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்.

“தம்பி கணபதி, ஒன்ட நாடாவக் கொண்டா! நாலு பேருக்கு முன்னால அளப்போம். இருபத்தொன்பது அங்குலக் கதவ இருபத்தேழரைண்டு வித்தீக்கிறாய்.”

கணபதிக்கும் கோபம் வந்தது. நாடாவைக் கொண்டுவந்து, யார்க்கோலைத் தரையில் போட்டு, பக்கத்தில் நாடாவை நீட்டினார். ஒரு முனையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுமுனைக்குப் போனார். குனிந்தவர் நிமிரவில்லை. கண்ணை இன்னும் கிட்டக் கொண்டுபோனார்.

“நானா, ஒரு யாருக்கு எத்தன அங்குலம்?”

“முப்பத்தாறு. பச்சப் புள்ளைக்கும் தெரியும்.”

“ஒங்க கோலு முப்பத்து நாலரையில நிக்குதே.”

பஸ் சாரதி எழுந்து கிட்ட வந்தார். கணபதி கோலின் ஒரு முனையிலிருந்த பித்தளைக் குப்பியைப் பிடித்து ஆட்டினார். அது கழன்று வந்தது. உள்ளே மரம் அரத்தால் ராவி மட்டப்படுத்தியிருந்தது. ஒன்று என்ற அங்குலக் கோடு அங்கே இல்லவே இல்லை; கோலின் எண்ணிக்கை ஒன்றரையில்தான் தொடங்கியது.

நடந்தது இதுதான். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இதே இடப்பக்கத்துப் பின்கதவை நானா ஓங்கிச் சாத்தியபோது கோலின் முனை மாட்டி முறிந்தது. இரண்டு விரல் அகலம்தான் போனது. முறிந்த இடத்தை வீட்டுப் படியில் உட்கார்ந்து ராவி, குப்பியை மறுபடியும் மாட்டினார். கண்டிக்குப் போகும்போது புதுக்கோல் வாங்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டார். போனார், மறந்தார். அடுத்த முறை ஞாபகம் வந்தது. ஆனால் அதற்குள் ஒவ்வொரு யாரிலும் இரண்டு விரல் துணி மிஞ்சுவதும் தெரிந்துவிட்டது. அதன்பிறகு மறப்பது சுலபமாக இருந்தது. கொஞ்ச நாளில், மறந்ததையே மறந்துபோனார். அந்தக் கோலால் அளந்தால் துணி எப்படிக் குறையுமோ, அப்படியே கார் வாசல் ஒன்றரை அங்குலம் கூடும். அவருடைய கோல் ஊரை மட்டும் ஏமாற்றவில்லை, முதலாளியையும் விட்டுவைக்கவில்லை.

“மழையில சுருங்கியிருக்கும்,” என்றார் நானா.

“மரம் மழையில ஊதும், நானா,” என்றார் பஸ் சாரதி. “சுருங்குறது மனுசன்தான்.”

கணபதி சிரிக்கவில்லை. கோலைக் கையில் வைத்து மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“நானா, எனக்கு மடுல்கெல்லையில ஒரு அக்கா இருக்கு. கொழுந்து எடுக்குது. பேரு சிவமணி.”

நானாவுக்குக் காது மடல் சூடேறியது.

“தீவாளிக்கு ஒங்ககிட்ட சீட்டி வாங்குச்சு. ரவிக்க கை முழங்கைக்கு வரல. அது நேரா தையக்காரன் கடைக்குப் போயி, அவன் கத்திரிக்கோலப் புடுங்கிக்கிட்டு வந்துருச்சு. இன்னும் குடுக்கல. அந்த ஆளு இன்னக்கி வரைக்கும் கடன் வாங்குன கத்திரியிலதான் தைக்கிறாரு.”

தோட்டத்து மலைகளில் கட்டைக் கையோடு கொழுந்து பறிக்கும் பெண்கள் வரிசை வரிசையாக நானாவின் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். அந்தக் கத்தரிக்கோலும் வந்தது. அவர் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடியும் போட்டுக்கொண்டார்.

“செல்லு தம்பி,” என்றார் கடைசியில். “என்ன செய்யணும்?”

கணபதி யோசித்தார். அவருக்குக் கோபம் போய், இப்போது வேறு ஏதோ வந்திருந்தது. கண்ணில் ஒரு வெளிச்சம்.

“இந்தக் கதவ நான் திருப்பி எடுத்துக்கிறேன். சின்னதக் கொண்டு போங்க. கேட்டத் தாண்டுனது கணக்கில்ல. ஆனா கோலு இங்க இருக்கட்டும். நீங்க புதுக்கோலு வாங்குங்க. அதுல அளந்து, ஒவ்வொரு யாருக்கும் மேல நாலு விரலு விட்டு வெட்டுங்க.”

“நாலா? போனது ரெண்டுதானே?”

“ரெண்டு நீங்க எடுத்தது. ரெண்டு வட்டி.”

“எத்தன காலத்துக்கு?”

“அது ஒங்க மனசு. ஆனா நான் அக்காவப் பாக்கப் போறப்பெல்லாம் கை எவ்வளவு நீளமாயிருக்குன்னு பாப்பேன்.”

“அக்காட்ட செல்லிடாத.”

“சொன்னா அது ஒங்களையே அளந்துரும், நானா.”

பேச்சு முடிந்ததும் நானா மடியிலிருந்து பட்டை எடுத்தார். சின்னக் கதவைத் தரையில் கிடத்தி, அதன்மேல் விரித்தார். விளிம்போடு விளிம்பு ஒட்டியது. கீழே மட்காட் வளைவில் பட்டு வழுக்கிக்கொண்டு போய்ச் சரியாக நின்றது. இரண்டு பொத்தல்களுக்குள் இரண்டு பிணைச்சலும், மூன்றாவதற்குள் பூட்டு நாக்கும் எட்டிப் பார்த்தன. கணபதி குந்தி உட்கார்ந்து அதையே பார்த்தார்.

“யாரு வெட்டுனது?”

“வீட்டுல.”

“அவங்கள யாவாரத்துக்கு அனுப்பிட்டு நீங்க வீட்டுல இருங்க, நானா.”

பச்சை நிறக் கதவு கறுப்புக் காரில் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. சாத்தினால் ‘டப்’ என்று ஒரே சத்தம், கயிறு வேண்டியிருக்கவில்லை. பின் ஆசனத்தை விறாந்தையிலிருந்து எடுத்து மறுபடியும் பூட்டினார்கள். றலியா அதில் ஏறி, கதவைத் தானே மூன்று தரம் திறந்து திறந்து சாத்திப் பார்த்துவிட்டு, “இப்ப போகலாம்,” என்றாள். கோல் எங்கே என்று அவள் கேட்கவில்லை. படியில் உட்கார்ந்து அதை ராவியபோது வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தவள் அவள்தான் என்பதை நானா அப்போதுதான் ஊகித்தார். கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளும் தைரியம் வரவில்லை.

தென்னக்கும்புரப் பாலத்தடியில் அதே சார்ஜன்ட் நின்றார். காரைச் சுற்றி வந்தார், பச்சைக் கதவைத் தட்டினார், குனிந்து நானாவைப் பார்த்தார்.

“தொரை எழும்பிட்டாரா?” என்றார் தமிழில்.

“எழும்பி வந்துட்டார், றாளஹாமி,” என்றார் நானா.

அக்குறணைக் கலியாண வீட்டில் காரைப் பார்த்தவர்கள், ஏன் ஒரு கதவு மட்டும் பச்சை என்று கேட்டார்கள். பெண்கள் இறங்கும் கதவு என்று அடையாளம் தெரிவதற்காக வெளிநாட்டில் இப்போது இப்படித்தான் செய்கிறார்கள் என்று நானா விளக்கினார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர், தன் காருக்கும் ஒரு கதவுக்குப் பச்சை அடிப்பது பற்றி யோசிக்கத் தொடங்கினார். றலியா உள்ளே இருந்து ஆளனுப்பி அதை நிறுத்தினாள்.

கலியாணம் முடிந்து மடுல்கெல்லைக்குப் போன முதல் நாள் நானாவுக்கு எளிதாக இருக்கவில்லை. புதுக்கோலால் அளந்து, அதற்கு மேல் நாலு விரல் வைத்து, அந்த இடத்தில் கத்தரித்தார். சிவமணி துணியை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள்.

“என்னா நானா, கூடக் குடுக்குறீங்க? துணியில என்னா கோளாறு?”

“ஒரு கோளாறும் இல்ல புள்ள.”

“கோளாறு இல்லாம எந்த யாவாரி கூடக் குடுப்பான்? வெளுத்தா சாயம் போகுமா? உளுத்த துணியா?”

அன்று ஒரு யார் துணி கூட விற்கவில்லை. ஒன்றரை வருடம் குறைத்துக் கொடுத்தபோது சந்தேகப்படாதவர்கள், கூட்டிக் கொடுத்ததும் தள்ளி நின்றார்கள். நானா காரில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் தலையை வைத்துத் தனக்குள் சிரித்தார். அடுத்த முறை வேறு விதமாக வந்தார். மச்சினியின் கலியாணத்துக்கு ஒரு நேர்ச்சை வைத்திருந்ததாகவும், நாலு விரல் விட்டுக் கொடுக்காவிட்டால் தனக்குத் தூக்கம் வராதென்றும் சொன்னார். இரண்டாவது பாதி உண்மைதான். நேர்ச்சை என்றதும் எல்லோருக்கும் விளங்கியது. துணி போனது. ரவிக்கைக் கைகள் முழங்கையைத் தாண்டி இறங்கின. சிவமணி ஒரு நாள் தையற்காரர் கடைக்குப் போய்க் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

அப்போதிலிருந்து அவருக்கு ‘நாலு விரல் நானா’ என்று பெயர் வந்தது. நேர்மையான வியாபாரி என்று அவரை ஒருவரும் சொல்லவில்லை. தாராளமானவர் என்று சொன்னார்கள். தான் செலுத்துவது தண்டனை என்பதை யாரிடமும் சொல்ல முடியாமல், வந்த புகழை அவர் வெட்கத்தோடு வாங்கிக்கொண்டார். மூட்டை தூக்கும் வியாபாரிகளும் வேறு வழியில்லாமல் நாலு விரல் விட வேண்டியதாயிற்று. அவர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள்.

எவ்வளவு காலத்துக்கு என்று கணபதி சொல்லவில்லை. நானாவும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் சிவமணி காரணம் கேட்பாள் என்ற பயம் ஒன்று. கொடுக்கும்போது அந்தப் பெண்கள் முகத்தில் வரும் சிரிப்பு அவருக்குப் பழகிவிட்டது இன்னொன்று.

ஒரு வருடம் கழித்து ஒரு சிக்கல் வந்தது. நானாவுடைய விரல்கள் மெலிந்தவை என்று சிவமணி கண்டுபிடித்தாள்.

“நாலு விரல்னு சொன்னீங்க. யாரு விரல்னு சொன்னீங்களா?”

“என்ட விரல்தான். வேற யார்ட விரல்?”

“நேர்ச்ச யாருக்கு? வாங்குறவளுக்கு. அப்ப விரலும் வாங்குறவளோடதுதான்.”

கூட்டம் கைதட்டியது. லயத்தின் கோடியிலிருந்து ஒரு பெரிய பெண்ணை இழுத்து வந்தார்கள். அவளுடைய நாலு விரல் நானாவின் ஆறு விரலுக்குச் சமம். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே கையைத் துணியின் மேல் வைத்தாள். நானா கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி அந்தக் கையைப் பார்த்தார், சிவமணியைப் பார்த்தார், திரும்பி மலையைப் பார்த்தார்.

“சரி, நல்லா விரிச்சு வை புள்ள,” என்று சொல்லிவிட்டு வெட்டினார்.